கிரேக்கத்திலிருந்து தமிழுக்கு: கொழும்பு தந்த வேதாகம அறிஞர்

பிலிப்பு தெ மெல்லோ (1723–1790) கொழும்பில் பிறந்த தமிழர். ஒல்லாந்தர் கால இலங்கையின் தலைசிறந்த வேதாகம அறிஞர். உள்ளூர்ப் பிள்ளைகளைச் சபை ஊழியத்துக்குப் பழக்குவதற்காக 1696இல் கொழும்பில் தொடங்கப்பட்ட செமினரியில் பயின்றார். ஒல்லாந்தம், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைக் கற்றவர், தமிழ் இலக்கண இலக்கியங்களிலும் ஆழ்ந்த புலமை பெற்றார். பின்னர் ஒல்லாந்த சீர்திருத்தச் சபையின் போதகரானார்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்து மேட்டில் இன்றும் நிற்கும் அச்சபையின் வுல்ஃபெண்டால் தேவாலயம் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1759இல், தெ மெல்லோ கிரேக்கத்திலிருந்து தமிழாக்கிய புதிய ஏற்பாடு கொழும்பில் அச்சேறியது.

இந்த நூலின் அருமை முந்திய வரலாற்றோடு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். தரங்கம்பாடியில் 1715இல் வெளிவந்த முதல் தமிழ்ப் புதிய ஏற்பாடு சீகன்பால்கு என்ற ஜெர்மானியரின் உழைப்பு. அதைத் திருத்திச் செப்பமாக்கிய பப்ரிசியுசும் ஜெர்மானியரே. அவருடைய புதிய ஏற்பாடு 1772இல்தான் வந்தது. அவர்கள் தமிழைப் பிற்பாடு படித்தவர்கள். தெ மெல்லோவுக்கோ தமிழ் தாய்மொழி. படித்துப் பெற்றது கிரேக்கம். இது சிறிய வேறுபாடல்ல.

வேதாகமத்தை மொழிபெயர்ப்பவர் இரண்டு சமுதாயங்களை அறிந்திருக்க வேண்டும். உரோமருக்காக வரி தண்டியவரை இன்றைய தமிழ் வேதாகமம் 'ஆயக்காரர்' என்கிறது. ஆயம் என்றால் சுங்கம். துறையிலும் சந்தையிலும் ஆயம் கட்டிய தமிழருக்கு அந்த ஆளையும் அவர்மேல் ஊருக்கிருந்த வெறுப்பையும் விளக்கத் தேவையில்லை. பழைய யூதேயாவின் வழக்கத்துக்குத் தன் ஊர் வாழ்விலிருந்து சொல் எடுப்பதே இவ்வேலையின் உயிர்.

தெ மெல்லோவின் நாட்டம் வேதாகமத்தோடு நிற்கவில்லை. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டுக்கு மேலும் செய்யுள்கள் இயற்றிச் சேர்த்தார். கத்தோலிக்கரை மறுத்து 'சத்தியத்தின் ஜெயம்' என்ற நூலும் எழுதினார். கத்தோலிக்க வழிபாட்டை அரசே தடுத்த காலத்தின் குரல் அது. அவருடைய புகழ் அந்த நூலில் இல்லை, மொழிபெயர்ப்பிலேயே உள்ளது.

சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புலவர் வரலாற்றில் தெ மெல்லோவுக்கு இடம் தந்தார். கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளின் பாடநூலிலும் அந்தப் பெயர் இடம்பெற வேண்டும்.