பழைய வயலினைத் தேடியவர்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வயலின் பயிலும் பிள்ளைகள் இருவரை ஒருங்கே நோக்கினால் ஒரு வேற்றுமை உடனே புலப்படும். கருநாடக இசை பயிலும் பிள்ளை தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியை வலது கணுக்காலிற் சார்த்தி, மறுநுனியை மார்போடும் தோளோடும் பொருத்தி வாசிக்கும். மேல்நாட்டிசை பயிலும் பிள்ளையோ நின்றபடியே வயலினை இடத்தோளில் வைத்து நாடியால் இறுக்கிப் பிடிக்கும். பின்னைய முறையே மேல்நாட்டில் தொன்றுதொட்டு நிலவியது என்று பலரும் கருதுவர். அஃது அவ்வாறன்று என்பதை வாசித்தும் கற்பித்தும் காட்டியவர் பெல்ஜிய நாட்டுக் கலைஞர் சிகிஸ்வால்ட் கொய்க்கன்.

ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையுள்ள காலத்து ஐரோப்பிய இசையைப் 'பரோக்' இசை என்பர். கொரெல்லி, விவால்டி, பாக் முதலியோர் அக்காலத்தவர். அன்றைய வயலினுக்கு ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்புகளே பூட்டப்பட்டன. வில் வெளிப்புறம் வளைந்திருந்தது. நாடியைத் தாங்கும் கட்டை கிடையாது. அதனைச் சுமார் 1820ஆம் ஆண்டில் லூயி ஸ்போர் என்னும் ஜெர்மானிய வயலின் கலைஞர் புகுத்தினார். இசையரங்குகள் பெருகவே, உரத்த ஒலி வேண்டப்பட்டது. கருவியின் கழுத்து நீட்டிச் சாய்க்கப்பட்டது. நரம்புகளின் இழுவிசை கூட்டப்பட்டது. 1737இல் மறைந்த ஸ்திராடிவாரி செய்த புகழ்பெற்ற வயலின்களும் இம்மாற்றத்துக்குத் தப்பவில்லை. பழைய பாடல்கள் நிலைத்தன. அவற்றுக்குரிய கருவியும் கைமுறையும் மறைந்தன.

கொய்க்கன் 1944இல் பிரசெல்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள டில்பேக்கிற் பிறந்தார். புரூஜ், பிரசெல்ஸ் இசைக் கல்லூரிகளில் அக்கால வழக்கப்படியே வயலின் பயின்று, 1964இல் கல்வியை முடித்தார். கையில் நல்ல தேர்ச்சி. எதிரே நல்ல எதிர்காலம். எனினும் பழைய இசையை அதன் காலத்துக் கருவியிலேயே வாசித்தல் வேண்டுமென்ற நாட்டம் அவரை விடவில்லை. அம்முறையைக் கற்பிக்கும் ஆசான் ஒருவரும் கிடைக்காமையால் நூல்களையே ஆசானாகக் கொண்டார். ஜெமினியானி 1751இலும், லியோபோல்ட் மோட்சார்ட் 1756இலும் வெளியிட்ட வயலின் நூல்கள் இத்தகைய ஆய்வுக்குப் பெருந்துணை. முன்னைய நூல் வயலினைக் காறை எலும்பின் கீழ் வைக்கச் சொல்கிறது. 1969 முதல் கொய்க்கன் நாடியால் பிடிப்பதை அறவே விட்டார்.

இஃது எளிய செயலன்று. நாடி பிடித்திருந்தால் இடக்கை தந்தியின் மேல் விரும்பியவாறு ஏறி இறங்கலாம். அப்பிடி நீங்கினால், வாசிக்கும் கையே கருவியைத் தாங்கவும் வேண்டும். மேலிருந்து கீழே வருகையில் வயலின் நழுவப் பார்க்கும். ஆகவே, பெருவிரலின் துணையோடு கை சிறிது சிறிதாக ஊர்ந்து இறங்குதல் வேண்டும். இளமை முதல் பழகியதை மறந்து, தேர்ந்த கலைஞர் ஒருவர் மீண்டும் மாணாக்கராகும் நிலை அது. பயன் யாதெனில், எங்கே கை நகரலாம், எங்கே நகரலாகாது என்பதைக் கருவியே உணர்த்தியது. சொற்களைப் பிரித்துப் பேசுவதுபோல இசைத்தொடர்களும் தெளிவாகப் பிரிந்து ஒலித்தன.

ஆசானின்றிக் கற்றவர் இரண்டே ஆண்டில் ஆசானானார். 1971 முதல் 1996 வரை ஒல்லாந்தின் ஹேக் நகர அரச இசைக் கல்லூரியிலும், 1993 முதல் 2009 வரை பிரசெல்ஸ் இசைக் கல்லூரியிலும் பரோக் வயலின் கற்பித்தார். 1972இல் 'லா பெத்தீத் பாந்த்' என்னும் இசைக்குழுவையும் நிறுவினார். யப்பானியரான ரியோ தெரகாடோ ஹேக் நகரில் அவரிடம் பயின்று, பின்னர் அக்கல்லூரியிலேயே ஆசிரியரானார். அறுந்த மரபு ஒன்று இவ்வண்ணம் மீண்டும் குருசீட வழியாயிற்று.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அக்கருவியை நம் இசைக்கு உரியதாக்கினார். பின்னர் எட்டயபுர அரசவையில் விளங்கினார். அமர்ந்து வாசிக்கும் நம் முறையில் காலும் மார்புமே கருவியைத் தாங்குதலால், இடக்கை தடையின்றி வழுக்கிக் கமகங்களை எழுப்புகிறது. அவர் பிறர் கருவியைத் தம் இசைக்கு ஏற்ப வளைத்தார்; கொய்க்கனோ தம் கையைப் பழைய கருவிக்கு ஏற்ப வளைத்தார். வழிகள் எதிரெதிரானவை. ஆயினும் இருவருக்கும் இசையே முதன்மை; பிடிக்கும் முறை அதற்கு ஏவலாள்.

ஆசிரியர் சொல்லித் தந்ததைப் போற்றுவது மாணாக்கர் கடன். அது ஏன் அவ்வாறு அமைந்தது என்று மாணாக்கர் வினவும்போது சினவாமல் விடை தேடுவது ஆசிரியர் கடன். இவ்விரண்டும் கூடிய இடத்திலேதான் மரபு உயிரோடிருக்கும்.