கட்டைவிரல் அடியில் வலி

தசையை எலும்போடு பிணைத்து, தசையின் இழுப்பை எலும்புக்குக் கடத்தும் நார்க்கற்றைதான் தசைநாண். மணிக்கட்டில் இந்த நாண்கள் எலும்பை ஒட்டிய குறுகலான தடங்களுக்குள் ஓடுகின்றன. அங்கே உராய்வைக் குறைக்க மெல்லிய சவ்வுறை அவற்றைச் சூழ்ந்திருக்கிறது. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள சைனோவியல் சவ்வும் இதே வகைத் திசுதான். இரண்டுமே வழுவழுப்பான திரவத்தைச் சுரக்கின்றன. முடக்குவாதம் மூட்டுகளோடு நாண் உறைகளையும் தாக்குவது இதனால்தான்.

நாண் உறை நோய்களில் அதிகம் காணப்படுவனவற்றுள் ஒன்று கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வருவது. சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வைன் 1895-இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. மணிக்கட்டின் புறப்பக்கம் உள்ள 6 தடங்களில் முதலாவதில், கட்டைவிரலை விலக்கும் நாணும் நிமிர்த்தும் நாணும் செல்கின்றன. ஒரே அசைவு ஓயாமல் தொடர்ந்தால், தடத்தின் மேலுள்ள நார்ப்பட்டை தடித்து நாண்களை இறுக்குகிறது. நாள்பட்ட நிலையில் அழற்சியைவிடத் திசுத் தடிப்பே மேலோங்குவதால், வலி மாத்திரை மட்டும் நிரந்தரத் தீர்வாவதில்லை.

ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. கைக்குழந்தையின் தாய்மார்கள் குழந்தையின் அக்குளில் கைகொடுத்து, கட்டைவிரலை விரித்துத் தூக்கும்போது அந்த இரு நாண்கள்மேலும் பாரம் விழுகிறது. துணி பிழிவதும் ஜாடி மூடியைத் திருகுவதும் வலியைக் கிளப்பும்.

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் கட்டைவிரலின் அடியில் சுரீரென்று வலிக்கும். ஃபிங்கெல்ஸ்டைன் பெயரால் பரவலாக அறியப்படும் இச்சோதனையோடு, அந்த இடத்தை அழுத்தினால் வலிப்பதும் சேர்ந்தால் நோய் பெரும்பாலும் உறுதியாகும். விழுந்து அடிபட்டிருந்தாலோ, கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம் என்ற ஐயம் இருந்தாலோ எக்ஸ்-ரே தேவைப்படும்.

இதைச் சுளுக்கு என்று எண்ணி அழுத்தி நீவினால் நோவு கூடலாம். முதலில் வேண்டியது ஓய்வு. கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டையைச் சில வாரங்கள் அணிய வேண்டும். மணிக்கட்டை மட்டும் கட்டுவது போதாது. குழந்தையைத் தூக்கும்போது உள்ளங்கைகள் மேல்நோக்கி இருக்க, பாரத்தை முன்கைகளில் தாங்க வேண்டும்.

இதற்கும் அடங்காத வலிக்கு உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடப்படுகிறது. பலருக்கு இதிலேயே குணம் கிடைக்கிறது. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளிறலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். சிலருக்குத் தடத்தின் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். மருந்து ஒரு பாதிக்குள் மட்டும் போவதால் பலன் குறையும். எதிலும் தீராதபோது, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நார்ப்பட்டையைப் பிளந்துவிடுவார்கள். அருகே ஓடும் தோலுணர்வு நரம்பைக் காப்பதே இச்சிறு அறுவையின் முக்கியக் கவனம்.

விரல் முழுவதும் வீங்கி, மடங்கிய நிலையிலேயே நின்று, நாண் ஓடும் வழியெங்கும் தொட்டால் வலித்து, நிமிர்த்தினால் தாங்க முடியாமல் போனால் அது உறைக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம். முள் குத்தியபின் அல்லது கடிபட்டபின் இவ்வாறு நேர்ந்தால், தாமதிக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சில நாட்கள் தாமதித்தாலும் நாண் அழிந்து விரல் நிரந்தரமாக விறைத்துப்போகலாம்.