வேலையும் உடம்பும் – 9: குழந்தை பிறக்காத பிரிவு

கலிபோர்னியாவில், ஸ்டாக்டன் நகருக்குத் தெற்கே லாத்ராப் என்று ஒரு சிற்றூர். ஆக்ஸிடென்டல் நிறுவனத்தின் பூச்சிமருந்துத் தொழிற்சாலை அங்கே இருந்தது. வேளாண் ரசாயனப் பிரிவில் வேலை பார்த்த ஆண்களுக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது: நம்ம ஆட்கள் யார் வீட்டிலுமே இப்போதெல்லாம் தொட்டில் கட்டக் காணோமே, ஏன்?

1977-ல் தொழிற்சங்கத்தின் முயற்சியால் விந்துப் பரிசோதனை நடந்தது. டொனால்ட் வோர்ட்டன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதன் முடிவை அந்த டிசம்பரிலேயே 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். கருத்தடை அறுவை செய்துகொள்ளாத 25 பேரில் 14 பேருக்கு உயிரணு மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை. அந்தப் பிரிவில் எத்தனை காலம் வேலை பார்த்தார்களோ, அந்த அளவுக்குப் பாதிப்பு.

காரணம் டி.பி.சி.பி. வேர்களைத் தாக்கும் நூற்புழுவைக் கொல்ல மண்ணில் செலுத்திவந்த மருந்து. விரைக்குள் உயிரணுவை உற்பத்தி செய்யும் மூல செல்களையே அது அழித்துவிடும். ஆண் ஹார்மோன் சுரக்கும் செல்கள் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால் தாடி, குரல், தாம்பத்தியம் எதிலும் வித்தியாசம் தெரியாது. வலியும் கிடையாது. நம் ஊரில் இப்படி ஒருவர் இருந்திருந்தால், மனைவியை நாலு டாக்டரிடம் காட்டிய பிறகுதான் அவர் முறை வந்திருக்கும்!

இந்த விஷயம் தெரியாமல் நடந்ததா என்றால், அதுதான் இல்லை. தயாரிப்பாளர்களான டவ், ஷெல் நிறுவனங்களின் சோதனைகளில் எலிகளின் விரை சுருங்கியது 1961-லேயே அச்சில் வந்துவிட்டது. காற்றில் இந்த மருந்து பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குமேல் இருக்கக் கூடாது என்று அந்த ஆய்விலேயே எழுதியிருந்தார்கள். ஆய்வு அலமாரியில் இருந்தது. ஆட்கள் பதினாறு வருஷம் மருந்தைச் சுவாசித்தார்கள்.

1977 செப்டம்பரில் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறைக்குப் பீச் பழ விவசாயிகள் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் போனது. பிள்ளை வேண்டாம் என்றிருக்கும் வயதானவர்களை இந்த மருந்தைக் கையாளும் வேலைக்கு வைக்கலாமே, கருத்தடை அறுவைக்குப் பதிலாகவே சிலர் விரும்பி வரக்கூடுமே என்று அதில் யோசனை! படித்தவருக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா, தெரியவில்லை.

1979-ல் ஹவாய் அன்னாசித் தோட்டங்கள் நீங்கலாக அமெரிக்காவில் மருந்துக்குத் தடை வந்தது. வேலையை விட்ட சிலருக்கு உயிரணு மெல்லத் திரும்பியது. நெடுங்காலம் அதில் உழன்ற பலருக்குத் திரும்பவே இல்லை. ஆனால் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களுக்கு மருந்து போவது நிற்கவில்லை. டவ் நிறுத்தப் பார்த்தபோது, அது ஒப்பந்த மீறல் என்று வாழைக் கம்பெனியான ஸ்டாண்டர்ட் ஃப்ரூட் மல்லுக்கு நின்றது. இழப்பீட்டுப் பொறுப்பு யாருடையது என்று பேசி முடித்ததும் சரக்கு மறுபடி கப்பலேறியது. குழந்தைப் பேற்றை இழந்த கோஸ்டாரிக்கா தொழிலாளர்கள் டெக்சாஸில் வழக்குப் போட்டார்கள். அதை அங்கே விசாரிக்கலாமா என்ற கேள்வி தீரவே 1990 ஆகிவிட்டது.

(தொடரும்)