நெடும் பயணத்துக்கு எந்தக் கேரவன்? நீளத்தைவிட எடையே முக்கியம்

புது தில்லி: கேரவன் என்றதும் தமிழ் வாசகர்களின் நினைவுக்கு வருவது, படப்பிடிப்புத் தளத்தில் திரைப்பட நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் சொகுசு வாகனம்தான். ஆனால், என்ஜின் ஏதும் இல்லாமல், காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் சிறிய கேரவன்களும் உண்டு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுடன் ஒரு சிறு அறையைச் சக்கரங்களின் மீது வைத்தாற்போல் இருக்கும் இந்த இழுவண்டிகள், மேலை நாடுகளில் நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறைக் காலத் துணையாகப் பல பத்தாண்டுகளாக இருந்து வருகின்றன. இந்தியாவிலும் இவற்றைத் தயாரிக்கும் சிறு நிறுவனங்கள் சில உள்ளன.

இரு நாள், மூன்று நாள் பயணத்துக்குச் சிறிய இழுவண்டி போதுமானது. இருவர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. ஆனால், ராஜஸ்தான், குஜராத் என்று மூன்று வாரம் சுற்றிவர எண்ணுபவர்களுக்கும், ஓய்வு பெற்ற பிறகு ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நிதானமாகப் பயணம் செய்ய விரும்புபவர்களுக்கும் அது போதாமல் போகிறது. மழை பெய்தால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. கழிப்பறை இல்லாததால் பெண்களும் முதியவர்களும் பெட்ரோல் நிலையங்களையே நம்பியிருக்க வேண்டும். எனவே, அதைவிடச் சற்றே பெரிய வண்டியை வாங்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு.

அந்தச் "சற்றே பெரிய" என்ற சொல்லில்தான் சிக்கல் உள்ளது. நீளத்தில் நான்கடி கூடுவது கண்ணுக்குத் தெரிகிறது. எடையில் கூடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. மலைச்சாலையின் இறக்கத்தில்தான் தெரியவருகிறது.

வெற்று எடையும் முழு எடையும்: விற்பனையாளர் தரும் விவரத் தாளில் பெரும்பாலும் முன்னால் நிற்பது வண்டியின் வெற்று எடை. பயணத்துக்குப் புறப்படும் வண்டியின் எடை அதுவன்று.

12 அடி நீளமுள்ள சிறிய வண்டி ஒன்றின் வெற்று எடை 500 கிலோ என்றும், 16 அடி வண்டியின் வெற்று எடை 900 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். சிறிய வண்டியில் ஏற்றும் பொருள்கள் 200 கிலோவைத் தாண்டுவது அரிது. ஏற்ற இடமும் இராது. பெரிய வண்டியின் கணக்கு வேறு. 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 100 கிலோ. வீடுகளில் இன்வெர்ட்டருக்குப் பயன்படும் 150 ஆம்பியர் பேட்டரி ஒன்று 50 கிலோவுக்கு மேல். இரண்டு வைத்தால் சுமார் 110 கிலோ. 5 கிலோ சமையல் எரிவாயு கொண்ட சிறு உருளைகள் இரண்டு, உருளையின் எடையும் சேர்த்துச் சுமார் 20 கிலோ. பாத்திரங்கள், மளிகைப் பொருள்கள் 60 கிலோ. துணிமணி, படுக்கை விரிப்புகள் 60 கிலோ. மாற்றுச் சக்கரம், ஜாக்கி, மடக்கு நாற்காலிகள், வெயிலுக்கு விரிக்கும் பந்தல் துணி 50 கிலோ. ஆக, 400 கிலோ கூடி வண்டி 1,300 கிலோவை எட்டிவிடுகிறது.

சிறிய வண்டியோ முழுச் சுமையுடன் 700 கிலோதான். நான்கடி நீளம் கூடியதற்கு விலையாகக் கார் 600 கிலோ கூடுதலாக இழுக்க வேண்டியுள்ளது. அதாவது, ஏறத்தாழ இரு மடங்கு.

பிரேக் அவசியம்: ஐரோப்பிய நாடுகளில் மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவண்டிக்குத் தனி பிரேக் இருந்தாக வேண்டும் என்பது விதி. மேற்கண்ட கணக்கில் சிறிய வண்டி இந்த எல்லைக்குள் அடங்குகிறது. பெரிய வண்டி வெகுவாகத் தாண்டிவிடுகிறது. எனவே, சிறிய வண்டியைக் காரின் பிரேக்கை மட்டும் நம்பி இழுத்துப் பழகியவர், அதே பழக்கத்தில் பெரிய வண்டியை இழுப்பது ஆபத்தானது.

இத்தகைய வண்டிகளில் பொதுவாகப் பொருத்தப்படுவது தள்ளுவிசை பிரேக். கார் வேகம் குறையும்போது பின்னால் வரும் வண்டி முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளுதலே கொக்கித் தண்டின் வழியாக வண்டியின் பிரேக்கை இயக்கும். காரிலிருந்து வரும் மின்சாரத்தால் இயங்கும் பிரேக்குகளும் உண்டு. எதுவாக இருந்தாலும், சுமை ஏற்றிய நிலையில் சோதித்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். கொக்கி கழன்றால் வண்டி தனியே ஓடிவிடாமல் தடுக்கும் பாதுகாப்புச் சங்கிலியும் இன்றியமையாதது.

கொக்கியின் மீது விழும் பாரத்தையும் கணக்கிட வேண்டும். வண்டியின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அமர்வது நல்லது என்பது பொதுவான கணக்கு. அது மிகவும் குறைந்தால், வேகம் கூடும்போது வண்டி பாம்புபோல இருபுறமும் நெளியத் தொடங்கும். 1,300 கிலோ வண்டிக்கு இந்தப் பாரம் 130 கிலோ. இரண்டு பெரியவர்கள் காரின் டிக்கியில் ஏறி அமர்ந்ததற்குச் சமம். கனமான பேட்டரிகளையும் தண்ணீர்த் தொட்டியையும் வண்டியின் அச்சுக்கு அருகில் அமைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் இதன் பொருட்டே.

பயணிக்கும் பாதை எது? எந்த வண்டி என்பதை முடிவு செய்வதற்கு முன், எந்தப் பாதை என்பதை முடிவு செய்ய வேண்டும். நான்கு வழிச் சாலைகள் நிறைந்த ராஜஸ்தான், குஜராத் சமவெளிகளில் 16 அடி வண்டி பெரிதாகத் தொல்லை தராது. இமயமலைப் பாதைகளின் கதை வேறு.

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப் பாதையால் மணாலி - லே தொலைவு 46 கி.மீ. குறைந்தது உண்மைதான். ஆனால், சுரங்கத்தைத் தாண்டிய பிறகும் அதே பாதையில் காட்டா லூப்ஸ் எனப்படும் 21 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 5,300 மீட்டருக்கு மேல் உயரமுள்ள தங்லாங் லா கணவாயில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். டர்போ பொருத்திய டீசல் என்ஜின் இதை ஓரளவு சமாளிக்கும். ஆயினும் முழு வலுவை அங்கு எதிர்பார்க்க முடியாது. ஏற்றத்தில் என்ஜினுக்கும் இறக்கத்தில் பிரேக்குக்கும் ஒரே நாளில் சோதனை. லடாக்கை மனதில் வைத்திருப்பவர் சிறிய வண்டியோடு நின்றுவிடுவதே அறிவுடைமை.

உயரமும் கவனத்துக்குரியது. உள்ளே நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு உயர்ந்த வண்டி, காற்றைக் கிழித்துச் செல்ல அதிக எரிபொருள் செலவிடும். நின்ற பிறகு மேற்கூரையை உயர்த்திக்கொள்ளும் வகை இதற்கு ஒரு நடுவழி. ஆனால், கூரை மடியும் இடங்களில் மழைநீர் கசியாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

குளிர்சாதனத்துக்கு மின்சாரம்: பெரிய வண்டி கேட்பவர்கள் அடுத்துக் கேட்பது ஏ.சி. ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் இழுக்கும். 150 ஆம்பியர் பேட்டரி ஒன்றில் இருப்பது 1.8 யூனிட், அதிலும் பேட்டரி கெடாமல் எடுக்கக்கூடியது பாதிதான். கூரையில் 300 வாட் சூரியத் தகடு வைத்தாலும் நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் கிடைத்தால் அதிகம். எனவே, வெளியிலிருந்து மின் இணைப்பு கிடைக்காத இடத்தில் இரவு முழுவதும் ஏ.சி. ஓடாது. விளக்கு, மின்விசிறி, கைப்பேசி ஆகியவற்றுக்குச் சூரிய ஒளி போதும்.

தண்ணீரும் அவ்வாறே. ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்று சிக்கனமாகச் செலவிட்டாலும் இருவருக்கு 100 லிட்டர் இரண்டரை நாள்தான் வரும். வண்டியில் கழிப்பறை இருந்தால், அதன் கழிவைக் கொட்ட முறையான இடமும் தேவை.

மாநிலங்களின் கொள்கை: இங்குதான் அரசுகளின் பங்கு வருகிறது. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அதன்படி கேரவன் பூங்காவுக்குக் குறைந்தது 50 சென்ட் நிலமும், ஐந்து வண்டிகள் நிறுத்தும் இடமும் இருக்க வேண்டும். முதல் பூங்கா 2022-இல் வாகமண்ணில் திறக்கப்பட்டது. மகாராஷ்டிரமும் 2021-இல் தனிக் கொள்கை வெளியிட்டது. இத்தகைய பூங்காக்களில் மின்சாரம், தண்ணீர், கழிவு அகற்றும் வசதி ஆகியவை ஒருசேரக் கிடைக்கும். அவை இல்லாத தடங்களில் பயணி ஹோட்டல்களின் வளாகத்தையும் சாலையோர தாபாக்களின் தயவையும் நாட வேண்டியுள்ளது. பெரிய வண்டி வாங்கியவருக்கு இந்தச் சார்பு கூடுமே தவிரக் குறையாது.

சட்டம் சொல்வது என்ன? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விளக்கப்படி, இழுவண்டியும் மோட்டார் வாகனம்தான். எனவே, அதற்குத் தனிப் பதிவும் மூன்றாம் நபர் காப்பீடும் தேவை. மோட்டார் வாகனங்கள் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் 35-ஆவது இனமாக இருந்தாலும், வாகன வரி மாநிலப் பட்டியலில் 57-ஆவது இனமாக உள்ளது. ஆகவே, வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். பதிவுச் சான்றிதழில் குறிக்கப்பட்ட மொத்த எடைக்கு மேல் ஏற்றிச் செல்வதை 113-ஆவது பிரிவு தடை செய்கிறது. 2019-ஆம் ஆண்டு திருத்தத்தின்படி இதற்கான அபராதம் ரூ. 20,000, கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000.

காரில் கொக்கி பொருத்துவதிலும் எச்சரிக்கை தேவை. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதை 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. எனவே, இந்தக் கார் எத்தனை கிலோ இழுக்கலாம் என்பதைக் கார் நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவதும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுவதும் நல்லது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கப் போவதும் இதையே.

வாங்கும் முன்: வாய்ப்பிருந்தால், வாங்க நினைக்கும் அளவிலேயே ஒரு வண்டியை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது சிறந்தது. பின்னோக்கி நகர்த்தி நிறுத்துவதற்கு ஒரு காலி மைதானத்தில் பழகிக்கொள்ளலாம். வண்டி ஓடும்போது அதனுள் எவரும் இருக்கக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

வண்டியை வாங்கிய பிறகு, முதல் பயணத்துக்கான பொருள்கள் அனைத்தையும் ஏற்றி, தொட்டியை நிரப்பி, நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளை நிறுத்தும் எடைமேடைக்கு ஒருமுறை கொண்டு செல்வது அவசியம். அங்கு கிடைக்கும் சிறு சீட்டில் உள்ள எண், பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணுக்கும் கார் நிறுவனம் தந்த எண்ணுக்கும் உள்ளே இருந்தால் புறப்படலாம். கூடுதலாக இருந்தால் இறக்க வேண்டியவற்றை வீட்டு வாசலிலேயே இறக்கிவிடலாம்; மலையேறிய பிறகு இறக்க இடம் கிடைக்காது.