அடுத்த ஆட்டம் சாட்சி சொல்லுமா?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அருகே மலைச் சிற்றூர்களின் இளைஞர்கள் கூடி ஒரு கிரிக்கெட் பந்தயம் நடத்தினார்கள். சாமை அறுவடை முடிந்து வெறுமையாய்க் கிடந்த மேட்டு நிலமே ஆடுகளம். ஒருவர் இத்தனை ஓவர்தான் வீசலாம் என்ற வரம்பு அப்பந்தயத்தில் இல்லை. எங்கள் அணியைப் பழக்கும் பொறுப்பு என்னுடையது. எங்கள் வேகப்பந்து வீச்சாளன் 16 வயதுச் சிறுவன். சனிக்கிழமை மூன்று ஆட்டங்களில் அவனை 18 ஓவர் வீசச் செய்தேன். அதற்கு முந்தைய மாதம் முழுவதும் அவன் அவ்வளவு வீசியிருக்கமாட்டான்.

மறுநாள் இறுதியாட்டம். “முடியுமா, தம்பி?” என்றேன். “முடியும், ஐயா” என்றான். நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினான்; கோப்பை எங்களுக்குக் கிடைத்தது. நேற்றைய உழைப்பு இன்றைய ஆட்டத்தைக் கெடுக்கவில்லை என்று நான் மகிழ்ந்தேன். மூன்று வாரம் கழித்து அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். இடுப்பு முள்ளெலும்பில் கீறல் என்றார் மருத்துவர். பல மாதம் அவன் பந்தைத் தொடவில்லை.

ஓர் ஆட்டத்தில் மிகுதியாக வீசுவது அடுத்த ஆட்டத்தைப் பாதிக்குமா? அமெரிக்கர்கள் தங்கள் பேஸ்பால் ஆட்டத்தில் நெடுங்காலமாகக் கேட்டு வரும் கேள்வி இது. அங்கே எறிவாளர் எறியும் ஒவ்வொரு பந்தையும் எண்ணுகிறார்கள். ஏறத்தாழ 100 பந்துகள் ஆனதும் அவரை மாற்றி, நான்கைந்து நாள் ஓய்வு தருவது வழக்கம். 1988 முதல் 2009 வரை நடந்த ஆட்டங்களை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்வது யாது? முந்தைய ஆட்டத்தில் கூடுதலாக எறிந்த பந்துகள் அடுத்த ஆட்டத்தின் திறனைக் குறைக்கின்றன. ஆனால் அக்குறைவு மிகச் சிறியது. பல ஆட்டங்களில் சேர்ந்துகொண்டே போகும் சுமையின் விளைவோ அதனினும் பெரிது.

கிரிக்கெட்டைப் பற்றி ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வொன்று 2009இல் வெளியாயிற்று. ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசிய வேகப்பந்து வீச்சாளர்கள், அதன் பின்னர் மூன்று நான்கு வாரங்களுக்குள் காயமடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுந்திருந்தது.

இதன் காரணம் உடலின் இயல்பிலேயே உள்ளது. களைத்த தசை இரண்டொரு நாளில் தேறிவிடும். எலும்பு அவ்வாறன்று. வேகமாக ஓடிவந்து முன்காலை ஊன்றும்போது, உடல் எடையைப் போலப் பன்மடங்கு விசை தரையிலிருந்து மேலேறி முதுகெலும்பைத் தாக்குகிறது. அதனால் எலும்பில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகும். உடல் முதலில் சிதைந்த பகுதியை அரித்து நீக்கி, பிறகுதான் புதிய எலும்பைக் கட்டுகிறது. பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச் சுவர் எழுப்புவது போன்றது இது. இடைப்பட்ட வாரங்களில் சுவர் வலுவற்றது. ஆனால் வலியோ தெரியாது. வளரும் பிள்ளைகளின் எலும்பு இன்னும் முற்றாததால், அவர்களுக்கு ஆபத்து அதிகம்.

எனினும் ஒரு மனிதரைக் காட்டித் தீர்ப்புச் சொல்லுதல் தகாது. 2024 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்ட் ஆட்டத்தில் ஜஸ்பிரித் பும்ரா 53.2 ஓவர்கள் வீசினார். நான்கே நாள் கழித்துச் சிட்னியில் அடுத்த ஆட்டம். அங்கே 10 ஓவர்கள் வீசியதோடு முதுகு வலியால் வெளியேறினார். அவருக்கு முன்பே முதுகில் அறுவை மருத்துவம் நடந்திருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். மாறாக, 2025இல் இங்கிலாந்தில் முகமது சிராஜ் ஐந்து டெஸ்டுகளிலும் ஆடி 185.3 ஓவர்கள் வீசினார். கடைசி ஆட்டத்தின் கடைசி நாளில் கடைசி விக்கெட்டையும் வீழ்த்தி, 6 ரன்களில் இந்தியாவை வெற்றிபெறச் செய்தார். இதே மலையில் காவலூர் வானாய்வு நிலையம் இருக்கிறது. ஓரிரவு நோக்கிய அளவில் விண்மீனின் இயல்பை அங்குள்ளோர் முடிவு செய்வதில்லை. பல இரவுகளின் குறிப்பை ஒப்பிடுகின்றனர். நாமும் அவ்வாறே செய்தல் நன்று.

அப்படியானால் வீசாமலே இருந்துவிடலாமா? அதுவும் தவறு. அளவோடு தொடர்ந்து வீசும் உடல் உறுதிப்படுகிறது. திடீரென்று ஏறும் சுமையே பெரிதும் முறிக்கிறது. அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் அமைப்பு 2007இல் எண்ணிக்கை வரம்பை விதியாக்கியது. அதன்படி 12 வயதுச் சிறுவன் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியலாகாது; 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். சிறுவன் “முடியும்” என்று சொல்வதை அந்த விதி பொருட்படுத்துவதில்லை. அதுவே அதன் சிறப்பு.

நான் கேட்ட கேள்வியே பிழையானது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். “நாளை வீச முடியுமா?” என்று கேட்டேன், “இந்த மாதம் எத்தனை வீசினாய்?” என்று கேட்டிருக்கவேண்டும். அடுத்த ஆட்டம் பல வேளைகளில் பொய்ச் சாட்சி சொல்லும். ஏட்டுக் கணக்கு சொல்லாது.

எங்கள் மலையில் நடுவர்கள் ஆறு கூழாங்கற்களைக் கையில் வைத்துக்கொண்டு ஓவரை எண்ணுவார்கள். இப்போது நான் ஒரு குறிப்பேட்டையும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் ஒரு பக்கம். பயிற்சியில் வீசுவதும் அதில் ஏறும். அந்தச் சிறுவன் தேறி, இப்போது மீண்டும் வீசுகிறான். சென்ற முறை, “இன்னும் ஓர் ஓவர், ஐயா” என்று வந்து நின்றான். ஏட்டைப் பார்த்தேன். “இன்று போதும், தம்பி” என்று பந்தை வாங்கி மற்றொருவனிடம் கொடுத்தேன். அன்றைய ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். எனக்கு வருத்தமில்லை.