எல்லைப்புறப் பட்டறையில் எண்வழிப் பொறி

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது நெய்யாற்றின்கரை. அங்கிருந்து நாகர்கோவில் சாலையில் அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்தால் களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. நிர்வாக எல்லை அவ்வாறு வகுக்கப்பட்டபோதிலும் தொழிலும் உறவும் அக்கோட்டைப் பொருட்படுத்தவில்லை. இன்றும் இவ்வட்டாரத்து மரப்பட்டறைகளிலும் வெல்டிங் பட்டறைகளிலும் மலையாளமும் தமிழும் கலந்தே ஒலிக்கின்றன. பாலராமபுரத்தின் குழித்தறி நெசவும் தமிழ்ப் பகுதிகளிலிருந்து குடியேறிய சாலியர் குடும்பங்களால் வேரூன்றியதே.

இப்பட்டறைகளின் முன் இப்போது ஒரு கேள்வி நிற்கிறது. கதவுச் சிற்பம், பெயர்ப்பலகை, அலுமினியத் தகட்டு வேலை ஆகியவற்றைக் கேட்டு வருவோர் கணிப்பொறியால் இயங்கும் பொறி வெட்டியது போன்ற நேர்த்தியை எதிர்பார்க்கின்றனர். அத்தகைய பொறியை விலைக்கு வாங்குவதாயின் சில இலட்சம் ரூபாய் முதலீடு வேண்டும். இருவர் அல்லது மூவர் வேலை செய்யும் பட்டறைக்கு அது தலைக்கு மீறிய கடனாகும். எனவே, பொறியைத் தாமே கட்டிக்கொள்ள இயலுமா என்று தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர்கள் வினவுகின்றனர். இயலும் என்பதே விடை. ஆனால் அதற்கு முதலில் வேண்டியது இரும்போ மோட்டாரோ அன்று. செப்பமாகத் தயாரிக்கப்பட்ட வடிவமைப்புக் கோப்புகளே ஆகும்.

காகித நாடாவிலிருந்து சில்லு வரை

சி.என்.சி. எனப்படும் கணிப்பொறி எண்வழிக் கட்டுப்பாட்டின் தொடக்கம் அமெரிக்காவில் உள்ளது. ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவுகளைத் துல்லியமாக வெட்ட வழி தேடிய ஜான் பார்சன்ஸ் என்பாரின் கருத்தையொட்டி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952-இல் ஒரு மில்லிங் பொறியை எண்களால் இயக்கிக் காட்டியது. துளையிட்ட காகித நாடா கட்டளைகளைச் சுமந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியோ பொறியைக் காட்டிலும் பெரிதாக இருந்தது.

அந்தப் பெட்டியின் இடத்தில் இன்று உள்ளங்கை அளவுள்ள ஒரு மின்சுற்றுப் பலகை அமர்ந்துவிட்டது. இத்தாலியில் 2005-இல் மாணவர்களுக்காக உருவான ஆர்டுயினோ பலகையும், அதன்மேல் இயங்குமாறு 2009-இல் வெளியிடப்பட்ட கிர்பில் என்ற கட்டற்ற மென்பொருளும் இம்மாற்றத்துக்குக் காரணங்கள். வெறும் 32 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கும் அந்த மென்பொருள், மூன்று அச்சுகளையும் ஒருங்கே இயக்குகிறது. மூளை மலிவாகிவிட்டது, உடலை அமைப்பதே எஞ்சியுள்ள வேலை. அந்த உடலுக்கான அளவுகள் அனைத்தும் கோப்புகளில்தான் வாழ்கின்றன.

ஒரு பொறிக்குப் பல கோப்புகள்

வடிவமைப்புக் கோப்பு என்றதும் ஒரே ஒரு படம் என்று கருதிவிடக் கூடாது. பொறி முழுவதையும் முப்பரிமாணத்தில் காட்டும் மூலக் கோப்பு ஒன்று உண்டு. ஃப்ரீகேட் போன்ற கட்டணமற்ற மென்பொருளில் இதனை வரையலாம். பிறருடன் பரிமாறிக்கொள்ள ஸ்டெப் என்ற பன்னாட்டுத் தர வடிவில் சேமிக்கலாம். தகட்டிலிருந்தோ பலகையிலிருந்தோ வெட்டவேண்டிய பாகங்களுக்கு டி.எக்ஸ்.எஃப். என்ற தட்டை வரைபடமும், முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்க்க வேண்டிய பாகங்களுக்கு எஸ்.டி.எல். கோப்பும் தேவை. இவற்றோடு பொருட்பட்டியலும், பொருத்தும் வரிசையைக் காட்டும் படமும் சேரவேண்டும். பொருட்பட்டியலை இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் எனத் தள்ளிப்போடுவோர் உண்டு, அது சரியன்று. எந்தப் பேரிங், எந்தக் குழாய், எந்த மோட்டார் என்று முடிவாகாமல் ஒரு துளையின் அளவைக்கூட எழுத முடியாது.

எடுத்துக்காட்டாக, நீமா 17 எனப்படும் சிறிய படிநிலை மோட்டாருக்குத் திருகுத் துளைகள் ஒன்றுக்கொன்று 31 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். நடுவில் 22 மில்லிமீட்டர் வட்டம் வேண்டும். நீமா 23 மோட்டாருக்கோ இடைவெளி 47.14, நடுவட்டம் 38.1. முதலில் சிறியதை எண்ணி வரைந்து, கடையில் பெரியது மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிவந்தால், வெட்டிய தகடு பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

25-க்கும் 25.4-க்கும் இடையே

எஸ்.டி.எல். கோப்பில் அளவெண்கள் உண்டு, அலகு இல்லை. அதில் 4 என்று இருந்தால் அது 4 அங்குலமா 4 மில்லிமீட்டரா என்று கோப்பு கூறாது. அங்குலத்தில் வரைந்த பாகத்தை மில்லிமீட்டராகப் படித்தால் அது 25.4 மடங்கு சிறுத்துவிடும். ஆனால் இத்தகைய பெரிய பிழை உடனே கண்ணில் பட்டுவிடுவதால் தீங்கு குறைவு. கண்ணில் படாத சிறு பிழையே காசைத் தின்கிறது.

உலகெங்கும் பலர் கட்டியுள்ள எம்.பி.சி.என்.சி. என்ற பொறி இதற்குத் தக்க சான்று. சாதாரணக் குழாய்களையும் அச்சிட்ட இணைப்புகளையும் கொண்டு கட்டப்படும் இதன் கோப்புகளை, வடிவமைத்தவர் 23.5, 25, 25.4 மில்லிமீட்டர் எனக் குழாயின் மூன்று வெளிவிட்டங்களுக்குத் தனித்தனியே வெளியிட்டார். நாட்டுக்கு நாடு கடையில் கிடைக்கும் குழாய் வேறுபடுவதே காரணம். நம் ஊர் மின்கம்பிக் குழாயின் ஓர் அளவு 25 மில்லிமீட்டர். மாடிப்படிக் கைப்பிடிக்குப் பயன்படும் ஓர் அங்குல எவர்சில்வர் குழாயோ 25.4. கடைக்காரர் இரண்டையும் 'ஒரு இஞ்ச்' என்றே சொல்லி எடுத்துக் கொடுப்பார். குற்றம் அவருடையது அன்று. 25-க்கு அச்சிட்ட பிடியில் 25.4 குழாயைத் திணித்தால் பிடி பிளக்கும், மாறினால் ஆடும். இப்பாகங்கள் அனைத்தையும் அச்சிடப் பல நாட்கள் ஆகும் என்பதை எண்ணினால், முதலில் குழாயை வாங்கி வெர்னியர் அளவியால் அளந்து, அதன் பின்னரே உரிய கோப்பைத் தேர்ந்தெடுப்பது நலம்.

பலகையின் தடிமனிலும் இதே சிக்கல் உண்டு. 12 மில்லிமீட்டர் என்று விற்கப்படும் ஒட்டுப்பலகை உண்மையில் சில பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடியோ குறைந்தோ இருக்கும். மேலும், இடவப்பாதியும் துலாவர்ஷமும் என இரு மழைக்காலங்களைக் காணும் இப்பகுதியில் மரம் ஈரத்தை உண்டு உப்பும். எனவே கோப்பில் ஒவ்வொரு பள்ளத்திலும் 12 என்று எழுதிவைப்பதற்கு மாறாக, 'தடிமன்' என்று ஒரு பெயரிட்டு, எல்லா அளவுகளையும் அதனுடன் பிணைத்துவிட வேண்டும். அளந்த எண்ணை ஓரிடத்தில் மாற்றினால் வரைபடம் முழுவதும் தானே மாறிக்கொள்ளும். பொறியின் முதன்மைச் சட்டத்துக்கு மரத்தைத் தவிர்த்து இரும்புச் சதுரக் குழாயையோ அலுமினியத்தையோ கொள்வது இவ்வட்டாரத்துக்கு ஏற்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வெட்டும் கருவி அறியாத மூலைகள்

சுழலும் கருவி வட்டமானது. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள கருவி உள்மூலையில் 3 மில்லிமீட்டர் வளைவை விட்டுவிடும். சதுரமான பலகை அதனுள் முழுதாக அமராது. உளி கொண்டு செதுக்கும் ஆசாரிக்கு இத்தொல்லை இல்லை, பொறிக்கு உண்டு. ஆகவே மூலையைச் சற்றுத் தாண்டிச் செல்லும் ஒரு சிறு வட்டத்தைக் கோப்பிலேயே வரைந்துவிடுவர்.

கருவியின் பாதி விட்டத்தை ஒதுக்கும் வேலையைக் கருவிப்பாதையை ஆக்கும் மென்பொருளிடம் விட்டுவிட வேண்டும். வரைபடம் பாகத்தின் உண்மை அளவையே காட்டவேண்டும். வரைபவர் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் கூட்டி வரைந்து, மென்பொருளும் தன் பங்குக்குக் கூட்டினால் பாகம் 6 மில்லிமீட்டர் பெருத்துவிடும். தகட்டு வேலையை லேசர் வெட்டும் நிலையத்துக்கு அனுப்பும்போது வேறொரு கவனம் தேவை: ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த இரட்டைக் கோடுகளை நீக்க வேண்டும், கோடுகள் தொடக்கப் புள்ளியில் வந்து மூடியிருக்க வேண்டும். கண்ணுக்கு மூடியதாகத் தோன்றும் கோட்டில் நூலிழை இடைவெளி இருந்தாலும் பொறி அதை வடிவமாக ஏற்காது.

இனி, நம் நாட்டுப் பயிற்சியாளருக்கே உரிய ஓர் இடர். இந்தியாவில் தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்பிக்கப்படுவது முதற்கோண வீழல் முறை. 1988-இல் வெளியான எஸ்.பி. 46 என்ற இந்தியத் தர நிறுவனக் கையேடும் அதையே வகுத்துள்ளது. அமெரிக்க வரைபடங்கள் மூன்றாங்கோண முறையைப் பின்பற்றுபவை. முன்னதில் வலப்பக்கத் தோற்றம் இடப்புறம் வரையப்படும்; பின்னதில் வலப்புறமே வரையப்படும். தனுவச்சபுரம் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த மாணவர் ஓர் அமெரிக்க வரைபடத்தைத் தாம் கற்ற முறையில் படித்தால், மோட்டாரைத் தாங்கும் வளைதகடு கண்ணாடிப் பிம்பம்போல் இடம்வலமாக மாறிவிடும். அளவெல்லாம் சரியாக இருந்தும் பாகம் பொருந்தாது. வரைபடத்தின் மூலையில் உள்ள வெட்டுக்கூம்புக் குறியைப் பார்க்கும் பழக்கமே இதற்கு மருந்து. முப்பரிமாணக் கோப்பையும் உடன் திறந்து ஒப்பிடுவது இன்னும் நன்று.

எவருடைய சொத்து?

பொருளாதார நோக்கில் இக்கோப்புகள் விந்தையான பண்டங்கள். ஒரு கடைசல் பொறியைப் பாறசாலைப் பட்டறை பயன்படுத்தும்போது மார்த்தாண்டத்துப் பட்டறை அதைப் பயன்படுத்த முடியாது. கோப்புக்கு இந்த வரம்பு இல்லை. ஒருவர் எடுத்ததால் மற்றவருக்குக் குறைவதில்லை. முதல் கோப்பை உருவாக்கவே உழைப்பும் செலவும். அடுத்த படிக்குச் செலவு இல்லை. இத்தகைய பண்டத்தைச் சந்தை தானாகப் போதிய அளவு வழங்குவதில்லை என்பது பாடநூல் அறிந்த உண்மை. பொதுத்துறையோ கூட்டு முயற்சியோ முன்வர வேண்டிய இடம் இது.

முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. புனே மாவட்டம் பாபலில் டாக்டர் எஸ்.எஸ். கல்பாக் 1983-இல் நிறுவிய விஞ்ஞான ஆசிரமம், ஊரக இளைஞருக்குக் கைத்தொழில் வழியே கல்வி புகட்டிவந்தது. 2002-இல் மாசசூசெட்ஸ் கழகத்தின் ஒத்துழைப்புடன் அங்கு அமைந்த ஃபேப் லேப், அக்கழகத்துக்கு வெளியே தொடங்கப்பட்டவற்றுள் முதலாவதாகும். கேரளத்தில் மாநில ஸ்டார்ட்அப் மிஷன் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இவ்வகைக் கூடங்களை ஏற்படுத்தியது. 2020-இல் களமசேரியில் பெரிய கூடம் ஒன்று திறக்கப்பட்டது. எல்லைக் கிராமத்து இளைஞர் முதற்பாகங்களை வெட்டிக்கொள்ள இத்தகைய கூடங்கள் உதவும். ஆனால் கூடத்துக்குச் செல்லுமுன் கையில் பிழையற்ற கோப்பு இருத்தல் வேண்டும். பொறியின் நேரத்தை வரைபடம் திருத்துவதில் கழித்தல் பொதுப்பணத்துக்கும் இழப்பு.

உரிமம் பற்றியும் ஒரு சொல். பகிரப்படும் கோப்புகள் யாவும் ஒரே நிபந்தனையில் வருவதில்லை. 2011-இல் வெளியான செர்ன் திறந்த வன்பொருள் உரிமம் போன்றவை, உற்பத்தி செய்து விற்கவும் இடம் தருகின்றன. வேறு சில, வணிகப் பயன்பாட்டைத் தடுக்கின்றன. தம் பட்டறைக்கு ஒரு பொறி கட்டுவது வேறு, பத்துப் பொறிகள் கட்டி விற்பது வேறு. சிறுதொழில் கடன் விண்ணப்பங்களை ஆராயும் வங்கி அலுவலர்கள் இவ்வேறுபாட்டைக் கேட்டறிதல் நலம்.

ஒரு பரிந்துரையை இங்கு முன்வைக்கலாம். நெய்யாற்றின்கரை அரசினர் பாலிடெக்னிக், தனுவச்சபுரம் பயிற்சி நிலையம், எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்துப் பயிற்சி நிலையங்கள் ஆகியன சேர்ந்து ஒரே பொறிக்கான கோப்புத் தொகுதியை உருவாக்கலாம். நம் சந்தைக் குழாய், நம் போல்ட், முதற்கோண வரைபடம், மலையாளத்திலும் தமிழிலும் பொருத்தும் குறிப்பு என அது அமையவேண்டும். உதிரிப்பாகங்கள் எல்லையைக் கடப்பதில் முன்போலத் தடை இல்லை. அமரவிளைச் சாவடியில் வணிகவரிச் சோதனைக்காகச் சரக்கு லாரிகள் வரிசையில் நின்ற காலம் 2017 ஜூலை 1-இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்ததோடு முடிந்தது.

பொறி எழுந்து நின்ற பின்னும் கோப்பு வேலை முடிவதில்லை. ஒரு மில்லிமீட்டர் நகர்வுக்கு மோட்டார் எத்தனை படிகள் சுழல வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுப் பலகைக்குச் சொல்லவேண்டும். சுற்றுக்கு 200 படிகள் கொண்ட மோட்டாரை 16 நுண்படிகளாகப் பிரித்தால் 3,200. இரண்டு மில்லிமீட்டர் பற்களுள்ள பெல்ட், 16 பல் கப்பியில் ஒரு சுற்றுக்கு 32 மில்லிமீட்டர் நகரும். ஆகவே மில்லிமீட்டருக்கு 100 படிகள். சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத்தண்டாயின் 640. இக்கணக்கைச் சோதிக்க, வெட்டும் கருவியை எடுத்துவிட்டு ஒரு பேனாவைப் பொருத்தி, 300-க்கு 400 மில்லிமீட்டர் செவ்வகம் ஒன்றை வரையச் செய்யலாம். கட்டளைக் கோப்பின் தலைப்பில் மில்லிமீட்டரைக் குறிக்கும் ஜி21 இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். 400 இருக்கவேண்டிய பக்கம் 398 என அளந்தால், அந்த அச்சின் 100 என்ற எண்ணை 100.5 எனத் திருத்தவேண்டும். பின்னர் மூலைவிட்டங்கள். கொத்தனாரும் ஆசாரியும் மூலைமட்டம் பார்க்கும் மூன்று-நான்கு-ஐந்து கணக்கே இங்கும்: இரண்டும் 500 இருக்கவேண்டும். ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால் குறுக்குச் சட்டம் சாய்ந்துள்ளது; போல்ட்டைத் தளர்த்தி நேராக்கி, மறுபடியும் வரைந்து, கிடைத்த எண்களைத் தேதியுடன் கோப்புத் தொகுதியில் எழுதிவைக்க வேண்டும்.