படத்துக்குப் பாரம் கிடையாது

சூரிச் பக்கத்துல ஸ்ப்ரைட்டன்பாக்னு ஒரு ஊர். ஸ்காண்டிநேவியாவுக்கு வெளியே ஐக்கியா முதன்முதலா கடை திறந்தது அங்கதான், 1973-ல. என்னை மாதிரி இங்கே படிக்க வர்றவங்க பலருக்கும் முதல் கட்டிலும் மேசையும் ஐக்கியா உபயம்தான் :-) படத்தைப் பார்த்துத்தான் வாங்குறோம். ஆனா அந்தப் படத்துல பாதிக்கு மேல யாரும் கேமராவால எடுத்ததே இல்லை மக்களே!

அவங்க கேட்டலாக்ல வந்த முதல் கம்ப்யூட்டர் படம் 'பெர்டில்' என்கிற மர நாற்காலி, 2006-ல. 2014 வாக்கில், பொருளை மட்டும் தனியாகக் காட்டும் படங்களில் சுமார் 75 சதவீதம் கம்ப்யூட்டரில் செய்தவை. காரணம் எளிது. மாதிரிச் சாமான்களை எங்கிருந்தெல்லாமோ ஸ்வீடனுக்கு வரவழைச்சுப் படம் எடுக்க ஆகும் செலவும் நாளும் மிச்சம்.

2009-ல ஒரு கூத்து. "இந்த கம்ப்யூட்டர் படங்கள் சகிக்கலை, நிறுத்துங்க"ன்னு கம்பெனிக்குள்ளேயே புகார் வந்திருக்கு. பிரிச்சுப் பார்த்தா, மோசம்னு சொன்னவை பெரும்பாலும் நிஜ புகைப்படம், நல்லா இருக்குன்னு சொன்னவை கம்ப்யூட்டர் படம்! அதுக்கு முன்னாடியே புகைப்படக்காரர்களுக்கு 3டியும், 3டி ஆட்களுக்கு புகைப்படக்கலையும் சொல்லிக் கொடுத்திருந்தாங்களாம். அதோட பலன்.

இதுல சுவிஸுக்கும் ஒரு பங்கு உண்டு. யோஹான் லாம்பெர்ட் என்கிற தையல்காரர் மகன், 1748 முதல் சுமார் பத்து வருஷம் கூர் நகரத்தில் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு வாத்தியார். பளபளப்பில்லாத பரப்பில் வெளிச்சம் சாய்ந்து விழ விழ எவ்வளவு மங்கும் என்பதற்கு 1760-ல் கணக்கு எழுதி வைத்தார். இன்னைக்கும் மேசை நாற்காலியை ரெண்டர் பண்ணும்போது அடியில ஓடுறது அந்தக் கணக்குதான்.

ஆக, கம்ப்யூட்டருக்கு வெளிச்சம் நல்லாத் தெரியும். பாரம்? அதைத் தனியா கணக்குப் போடச் சொன்னால்தான் உண்டு.

ஊர்ல எங்க பெரியப்பா தச்சு வேலை செய்றவர். இப்பல்லாம் ஆளுங்க மரத்தைப் பத்திப் பேசறதில்லை, போனை நீட்டுறாங்க. ஒருத்தர் காட்டின படத்துல எட்டடி நீளத்துக்கு மெல்லிசா ஒரு புத்தகப் பலகை, நடுவுல தாங்கலே இல்லை. பெரியப்பா எனக்கு அனுப்பி, "தம்பி, இது எதுமேல நிக்குது?"ன்னு கேட்டார். "எதுமேலயும் இல்ல பெரியப்பா, அது வெறும் படம்"னேன். நடுவுல ரெண்டு தாங்கல் வெச்சுச் செய்து கொடுத்தார். படம் மாதிரி இல்லைன்னு வந்தவர் கூலியில பிடிச்சுக்கிட்டார். முப்பது வருஷம் உளி பிடிச்ச கை, ஒரு படத்துகிட்ட தோத்துப்போச்சு. எனக்கு மனசே ஆறலை.

படத்தைக் குறை சொல்லலை. அழகா இருக்கு, காட்டுங்க. கூடவே நீளம், கனம், மேல என்ன வைக்கப் போறீங்கங்கறதையும் சொல்லுங்க. பலகையின் கனத்தைப் பாதியாக்கினால், அதே பாரத்துக்கு அது எட்டு மடங்கு தொய்யும். இது எந்தப் படத்திலும் தெரியாது. ஆசாரிக்குத் தெரியும். அவர் தாங்கல் வைக்கணும்னா, விட்டுடுங்க சாமி!